ஜன்னலின் தலைக்கு மேல்

சாலையை அகலப்படுத்தும் ஊர்களில் பாதி இடித்த வீடுகள் சில வாரம் அப்படியே நிற்கும். நிலை, கதவு, ஜன்னல், கிரில் எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குகிறவர்கள் முதலிலேயே பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். ரொம்பப் பழைய வீடாக இருந்தால் ஜன்னலுக்கு மேல் கிடந்த மரக்கட்டையையும் உருவியிருப்பார்கள். தாங்கிய கட்டை போனபின் மேலே உள்ள சுவர் மொத்தமும் சரிந்திருக்க வேண்டும் என்று தோன்றும். சரிந்திருப்பதோ கொஞ்சம்தான். அகலமான அடி, நடுவில் கூம்பிய முனை, இரு ஓரமும் செங்கல் செங்கலாகப் படியேறும் ஒரு முக்கோணம் மட்டும் உதிர்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள சுவர் தன்பாட்டுக்கு நிற்கும்.

செங்கல்லை ஒன்றுக்கு நேராக ஒன்று வைக்காமல் இணைப்பு விலக்கி அடுக்குவதால் நடப்பது இது. ஒவ்வொரு கல்லும் கீழ் வரிசையில் இரண்டு கற்களின் மேல் பாதிப் பாதியாக உட்காருகிறது. கீழே காலி இடம் வந்துவிட்டால், மேலிருந்து இறங்கும் பாரம் கல்லுக்குக் கல் பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டு ஓரத்துச் சுவருக்கும் போய்விடும். யாரும் வளைவு கட்டாவிட்டாலும் சுவருக்குள்ளேயே ஒரு வளைவு ஒளிந்திருக்கிறது. அதற்கு அடியில் மாட்டிக்கொண்ட முக்கோணம்தான் அந்தரத்தில் நிற்கிறது. ஜன்னல் தலைக்குக் குறுக்கே லிண்டல் போடுவது முதலில் அந்த முக்கோணத்துக்காக.

பொறியாளர்கள் இதைச் சமபக்க முக்கோணமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். 4 அடி ஜன்னல், 9 அங்குலச் சுவர் என்றால் அந்த முக்கோணத்தின் எடை ஏறக்குறைய 270 கிலோ. பயப்படும் அளவு இல்லை. ஆனால் அகலம் கூடினால் நிலைமை மளமளவென்று மாறும். 3 அடி ஜன்னலை 6 அடியாக்கினால் முக்கோணத்தின் பரப்பு 4 மடங்கு. அந்தப் பாரத்தைக் கடத்த வேண்டிய தூரம் 2 மடங்கு. ஆக, லிண்டலை வளைக்கும் திருப்புத்திறன் 8 மடங்காகிவிடும். “போன வீட்டுக்குப் போட்ட கம்பியே போதும் சார்” என்று மேஸ்திரி சொன்னால், போன வீட்டு ஜன்னல் எத்தனை அடி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

முக்கோணக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. வளைவு உருவாகும் அளவுக்கு மேலே சுவர் இருக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் ஜன்னலும் வாசலும் 7 அடியில் முடிகின்றன. தளம் 10 அடியில் வந்துவிடுகிறது. லிண்டலுக்கு அரை அடி போனால் மிச்சம் இரண்டரை அடிச் சுவர். 4 அடி ஜன்னலின் முக்கோணமோ கிட்டத்தட்ட மூன்றரை அடி உயரம். முனை தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. அப்படியானால் தளத்தின் பாரமும் லிண்டல் கணக்கில் சேரும். 12 அடி அகல அறையின் தளம் இரு பக்கச் சுவர்களில் உட்கார்ந்திருக்கிறது, ஓடு பதித்து, ஆட்கள் நடமாட்டத்தையும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு 4 அடி ஜன்னலின் மேல் வரும் பங்கு 1,300 கிலோ. 270 எங்கே, 1,300 எங்கே!

எனவே பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது பில்லர் வீடா, சுவர் தாங்கும் வீடா என்பது. பில்லர் வீட்டில் தளத்தின் பாரம் பீமுக்குப் போய்விடும். ஜன்னலுக்கு மேல் உள்ள சுவர் தன்னைத் தானே தாங்கினால் போதும். சுவர் தாங்கும் வீட்டில் அதே இரண்டரை அடிதான் தளத்தைச் சுமக்கிறது. ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே மாதிரி லிண்டல் போடுகிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அடுத்தது, அந்தப் பாரம் பொருளை என்ன செய்கிறது என்பது. ஒரு சாக்பீஸை எடுத்து இரு முனையிலும் விரலால் அமுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே வளைத்தால் பட்டென்று ஒடியும். வளையும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. சாக்பீஸுக்கு இழுவிசை ஆகாது. செங்கல், கருங்கல், கான்கிரீட் எல்லாமே இதே ஜாதிதான். வீடுகளுக்கு வழக்கமான எம்20 கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கும் என்றால், இழுவையில் அதில் பத்தில் ஒரு பங்கிலேயே விரிசல் விட்டுவிடும். சந்தையில் கிடைக்கும் 500 தரக் கம்பியோ, இழுவையிலும் 500 நியூட்டன் வரை விட்டுக்கொடுக்காது. சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் வளைவு அமுக்க வேலையை இலவசமாகச் செய்கிறது. ஜன்னலுக்கு மேல் நாம் காசு கொடுத்து வாங்க வேண்டியது இழுவையைத் தாங்கும் திறன் மட்டுமே.

இரும்பு இல்லாத காலத்தில் இதைச் சமாளித்த விதத்தை நம் கோயில் மண்டபங்களில் பார்க்கலாம். கருங்கல் உத்தரம் நீளமாக இருந்தால் அடியில் வெடிக்கும் என்று ஸ்தபதிகளுக்குத் தெரியும். அதனால்தான் தூண்களை நெருக்கி நட்டார்கள். அது போதாதென்று தூணின் தலையில் போதிகை வைத்தார்கள். நாம் அதன் தாமரை மொக்கைப் பார்த்து ரசித்துவிட்டுப் போகிறோம். போதிகை இரண்டு பக்கமும் கை நீட்டி உத்தரத்தின் வெற்றுத் தூரத்தைக் குறைக்கிறது. தூரம் குறைந்தால் வளைக்கும் திருப்புத்திறன் எத்தனை வேகமாகக் குறையும் என்பதை மேலே பார்த்தோம். இன்றும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கருங்கல் பலகையை ஜன்னல் தலையில் வைக்கிறார்கள். 3 அடி வரை, சுவர் தாங்கலும் நன்றாக இருந்தால், அதில் தப்பில்லை. துரு இல்லை, கரையான் இல்லை. ஆனால் கல் முன்னறிவிப்புக் கொடுக்காது. கம்பி போட்ட கான்கிரீட் உடைவதற்கு முன் வளைந்து, விரிசல் காட்டி, எச்சரித்துவிட்டு உடையும். கல் நேற்று வரை ஒழுங்காக இருந்துவிட்டு இன்று இரண்டாகும். அலமாரிக்குப் போடும் கடப்பாக் கல் மிச்சமிருக்கிறது என்று லிண்டலுக்குத் தூக்கி வைப்பது இன்னும் மோசம். அது ஏடு ஏடாகப் பிரியும் கல்.

மரம் இழுவையைத் தாங்கும், இழையின் போக்கில் நன்றாகவே தாங்கும். பழைய வீடுகளில் தேக்கும் பனையும் நூறு வருஷம் தாக்குப் பிடித்திருக்கின்றன. ஆனால் மழைக்காலத்தில் ஊறி வெயிலில் சுருங்குவதால் மேல் பூச்சு ஓரத்தில் வெடிக்கும், கரையான் வேறு. இன்றைய தேக்கு விலையில் யாரும் அதைச் சுவருக்குள் புதைக்கப் போவதுமில்லை.

ஆக, கான்கிரீட்டும் கம்பியும். இந்த இரண்டும் சேர்ந்து வாழ்வதே ஒரு அதிர்ஷ்டம். வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிகின்றன. ஒன்று அதிகம் விரிந்து மற்றொன்று விரியாமல் இருந்தால் சில கோடைகளிலேயே பிரிந்துபோயிருக்கும். இங்கே சிமென்ட் எந்த பிராண்ட், கம்பி எந்த பிராண்ட் என்பதில் செலவிடும் நேரத்தில் கால்வாசியைக் கம்பி எங்கே கிடக்கிறது என்று பார்க்கச் செலவிட்டால் போதும்.

4 அடி ஜன்னலின் லிண்டலுக்கு அடியில் இரண்டு 10 அல்லது 12 மில்லிமீட்டர் கம்பி, மேலே ரிங்கைப் பிடித்துக்கொள்ள இரண்டு மெல்லிய கம்பி, அரை அடிக்கு ஒரு ரிங். இதுதான் வழக்கம். பாரத்துக்கு ஏற்றபடி பொறியாளர் மாற்றுவார். இரு பக்கமும் சுவரின் மேல் குறைந்தது அரை அடி ஏறி உட்கார வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்த்தால், சென்டரிங் பலகையின் மேல் கம்பிக்கூட்டை அப்படியே படுக்க வைத்திருப்பார்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் எங்கே என்றால், “கொட்டும்போது தூக்கி விட்டுக்கலாம்” என்பார்கள். யாரும் தூக்குவதில்லை. கான்கிரீட் இறுகிப் பலகையைப் பிரித்தால் அடியில் கம்பியின் முதுகு வரிவரியாகத் தெரியும். அதைப் பூச்சில் மறைத்துவிடுவார்கள். பூச்சு துருவைத் தடுக்காது. துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து தள்ளி, சில வருஷத்தில் ஜன்னல் மேல் விளிம்பை நீளவாக்கில் பிளந்துவிடும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, பாதிப்பு குறைந்த சூழலில் கம்பிக்கு வெளியே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் போதும் என்கிறது. கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் அதுவே 45 மில்லிமீட்டர், கான்கிரீட்டும் எம்30. கடற்கரையை ஒட்டி வீடு கட்டுகிறவர் கடலுக்குத் தள்ளி உள்ள ஊர்க்காரரின் அளவை அப்படியே நகலெடுத்தால், ஜன்னல் மேல் உப்பு தன் வேலையைக் காட்டும்.

லிண்டலோடு சேர்த்துப் போடும் சன்ஷேடில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. லிண்டல் இரண்டு முனையில் தாங்கப்பட்டு நடுவில் தொய்கிறது, இழுவை அடியில். சன்ஷேடு ஒரு முனையில் மட்டும் பிடித்துக்கொண்டு 2 அடி வெளியே நீட்டி நிற்கிறது. அது தொய்யும்போது இழுபடுவது மேல்பக்கம். எனவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர் பெரும்பாலும் சரியாகவே கட்டியிருப்பார். கான்கிரீட் போடும் நாளில் ஆள் அதன்மேல் ஏறி நின்று சட்டியை வாங்குவார். கம்பி அவர் காலடியில் இறங்கும். சுவரோரம் 4 அங்குலத் தடிப்பில், மேலிருந்து 1 அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி நடுவுக்கு இறங்கிவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் அங்கேயே போயிற்று. அடிவரை இறங்கிவிட்டால் அந்தக் கம்பி இருந்தும் இல்லாததுதான். சன்ஷேடு பிய்ந்து விழுந்த இடங்களில் உடைந்த வாயைப் பாருங்கள். பல நேரம் கம்பி கீழ் விளிம்பில் துருவேறிக் கிடக்கும். கம்பியை மேலே நிறுத்தும் ‘சேர்’ வளைத்து வைக்கவும், நிற்க ஒரு பலகை போடவும் பத்து நிமிஷம் ஆகாது.

இன்னொன்று, சன்ஷேடு தன் எடையால் லிண்டலையும் சேர்த்து வெளிப்பக்கமாகத் திருகப் பார்க்கும். அதை அழுத்திப் பிடிப்பது மேலே எழும் சுவரின் எடை. மேலே சுவர் ஏறும் முன் முட்டைப் பிரித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முட்டுப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. வெளி விளிம்பிலிருந்து தொடங்கிச் சுவரை நோக்கி வர வேண்டும். சுவர்ப் பக்கத்து முட்டை முதலில் எடுத்து, விளிம்பு முட்டை விட்டுவைத்தால், மேல்கம்பியை நம்பிக் கட்டிய பலகை அடியில் கம்பி இல்லாத உத்தரமாக மாறிவிடும். உள்பக்கம் அதே மட்டத்தில் லாஃப்ட் நீட்டினால் இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்யும். நம் வீடுகளில் சன்ஷேடுக்கு நேர் பின்னே பரண் வரும் வழக்கம் அந்த வகையில் சௌகரியம்தான். சன்ஷேடு விளிம்பின் அடியில் ‘வாட்டர் கட்டிங்’ என்று ஒரு சின்னப் பள்ளம் இழுப்பார்களே, அதை விட்டுவிட்டால் மழைநீர் அடிப்பரப்பை ஒட்டிக்கொண்டே ஊர்ந்து ஜன்னல் சட்டத்துக்கு வந்து சேரும்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த லாரி பேக்கருக்கு இவ்வளவு கான்கிரீட்டே பிடிக்காது. சிறிய ஜன்னல்களுக்கு லிண்டலே பல இடங்களில் வேண்டியதில்லை, செங்கல்லை விளிம்பில் நிறுத்தி அடுக்கினாலே போதும் என்பது அவர் கட்சி. வேண்டும் என்று வரும் இடத்தில், விளிம்பில் நிறுத்திய செங்கற்களை இரண்டு வரிசையாக வைத்து, நடுவில் விடும் கால்வாயில் ஒன்றிரண்டு கம்பியும் கொஞ்சம் கான்கிரீட்டும் போட்டு முடித்துவிடுவார். செங்கல்லே அச்சாகிவிடுவதால் பக்கப் பலகை வேண்டாம். கான்கிரீட் முழு லிண்டலில் ஆகும் அளவில் ஒரு பகுதிதான். ஆரோவில்லில் அழுத்திய மண்கற்களால் கட்டுகிறவர்கள் ‘யு’ வடிவக் கல்லை வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் 3 அங்குலத் தடிப்பில் முன்வார்ப்பு லிண்டலை வடிவமைத்தது. 3 அங்குலம் எப்படித் தாங்கும் என்றால், அது தனியாகத் தாங்குவதில்லை. மேலே உள்ள செங்கல் வளைவாக நின்று அமுக்கத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வளைவின் இரண்டு கால்களும் அகன்று ஓடாமல் கீழே இழுத்துக் கட்டும் கயிறாக லிண்டல் நிற்கிறது. முதலில் பார்த்த இடிந்த வீட்டுச் சுவரின் ரகசியத்தைப் பயன்படுத்திக்கொண்ட வடிவமைப்பு. ஒரே கண்டிஷன், மேலே கட்டிய செங்கல் இறுகும்வரை நடுவில் முட்டு இருக்க வேண்டும். முன்வார்ப்பு லிண்டலை வாங்கும்போது எந்தப் பக்கம் மேல் என்று குறி இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி அடியில் மட்டும் உள்ள லிண்டலைத் தலைகீழாக வைத்தால் வெறும் சாக்பீஸ்தான்.

வெளிப்படையாகவே வளைவு கட்டலாமே என்றால், கட்டலாம், எனக்கும் ஆசைதான். இழுவையே இல்லாமல் முழுக்க அமுக்கத்தில் நிற்கும் வடிவம் அது. ஆனால் வளைவு தன் கால்களைப் பக்கவாட்டில் உதைத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு தட்டையோ அவ்வளவு பலமாக உதைக்கும். நடுச்சுவரில் உள்ள ஜன்னலுக்குக் கவலையில்லை. வீட்டு மூலையை ஒட்டி ஒன்றரை அடிச் சுவர் மட்டும் விட்டு வரும் ஜன்னலில் அந்த உதையை வாங்க ஆளில்லை. நல்ல வளைவு கட்டும் கொத்தனாரும் இப்போது குறைவு.

பேக்கர் வழிக்கு ஒரு எல்லை உண்டு, அது நிலநடுக்கம். 1931-ல் பலூசிஸ்தானில் மச் நிலநடுக்கம் வந்தபின், ரயில்வேப் பொறியாளர் எஸ்.எல். குமார், பணியாளர் குடியிருப்புகளைக் கட்டும்போது செங்கல் சுவரை இரும்பாலும் பட்டையாலும் கட்டிப்போட்டார். 1935-ல் குவெட்டா நகரமே தரைமட்டமானபோது அந்த வீடுகள் நின்றன. இப்போது ஐ.எஸ். 4326 சொல்லும் லிண்டல் பட்டைக்கு இதுதான் முன்னோடி. பட்டை என்பது ஜன்னல் மேல் மட்டும் துண்டு துண்டாக நிற்காமல், வீட்டின் எல்லாச் சுவரையும் சுற்றி ஒரே வளையமாக ஓடும் மெல்லிய கான்கிரீட். குறைந்தது 75 மில்லிமீட்டர் தடிப்பு, இரண்டு கம்பி. நிலம் ஆடும்போது நீளச் சுவர் வெளியே சாயப் பார்க்கும், மூலைகள் பிளக்கும். ஜன்னலும் வாசலும் வெட்டிய இடத்தில்தான் சுவர் பலவீனம் என்பதால் அந்த மட்டத்திலேயே கட்டிப்பிடிக்கிறார்கள். வேறு பட்டைகளை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது நிலநடுக்கப் பொறியாளர்களின் கருத்து. காஷ்மீரில் மரக்கட்டையை வைத்தே சுவருக்குள் இப்படிப் பட்டை கட்டினார்கள். 2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது, கோவையும் மூன்றில்தான். சுவர் தாங்கும் வீடு கட்டுகிறவர் துண்டு லிண்டலில் மிச்சப்படுத்த நினைக்க வேண்டாம் என்பேன். மூலையில் கம்பியை வெட்டிவிடாமல் ‘எல்’ வடிவில் திருப்பிக் கட்டினால்தான் வளையம் வளையமாக இருக்கும். படிக்கட்டு ஜன்னலுக்காக ஒரு இடத்தில் பட்டையை அறுத்துவிட்டால் மற்ற மூன்று பக்கமும் வீண் செலவு.

பில்லர் வீட்டில் லிண்டலுக்கு மேலே எதையும் வைக்கலாம் என்ற சுதந்திரம் உண்டு. லேசான ஏ.ஏ.சி. பிளாக் வைத்தால் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு. வெப்பத்தையும் குறைவாகவே கடத்தும். ஆனால் அது காய்ந்து சுருங்கும் பொருள். பக்கத்தில் கான்கிரீட் லிண்டல் வெயிலில் விரியும். செங்கல்லும் கான்கிரீட்டும்கூட ஒரே அளவில் விரிவதில்லை. 3 மீட்டர் லிண்டலில், 30 டிகிரி வித்தியாசத்தில், இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வெள்ளைச் சுவரில் அது ஒரு நல்ல கறுப்புக் கோடு. இரண்டு பொருள் சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் வலை அடிக்கச் சொல்வது இதற்காகத்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வேறு ரகம். வெட்டின் மூலையில் தகைவு குவிவதால் வருவது அது. ஜன்னல் அடி மட்டத்திலும் ஒரு மெல்லிய பட்டை போட்டால் பெருமளவு அடங்கும்.

அந்த இரண்டரை அடியில் இன்னொன்றும் இருந்தது, வென்டிலேட்டர். சூடான காற்று மேலே ஏறி 7 அடிக்கும் 10 அடிக்கும் நடுவில் தேங்கும். ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் காற்றைத் தொடாது. பில்லர் வீட்டில் அங்கே செங்கல் ஜாலி வைத்துவிடலாம், பாரத்தைப் பற்றிக் கவலையே இல்லை. மேற்குச் சுவரில் 2 அடி சன்ஷேடை நம்பிப் பெரிய ஜன்னல் வைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். சென்னையில் டிசம்பர் நண்பகலில் தெற்கு ஜன்னலுக்கு அது 2¾ அடி நிழல் தரும். மே மாதம் மாலை 4 மணிக்கு மேற்கு ஜன்னலுக்கு ஒன்றரை அடிகூடத் தேறாது. அந்தப் பக்கம் ஜன்னலைச் சிறிதாக்குவதும், மேலே வென்டிலேட்டரைப் பெரிதாக்குவதும் கூடுதல் கான்கிரீட்டைவிட உபயோகம்.

கடைசியாக ஏ.சி. ஸ்பிளிட் ஏ.சி. பெரும்பாலும் ஜன்னலுக்கு மேலே மாட்டப்படுகிறது. குழாய்த் துளை நேராக லிண்டல் மட்டத்தில் விழுகிறது. மாட்ட வருபவர் கோர் கட்டர் மிஷினை வைத்து அரை மணியில் கம்பியோடு சேர்த்து அறுத்துவிட்டுப் போவார். எந்த அறைக்கு ஏ.சி. வரும் என்று வீடு கட்டும்போதே தெரியும். லிண்டலுக்கு மேலே, சுவர் எழுப்பும்போதே, 3 அங்குல பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வெளிப்பக்கம் லேசாகச் சரித்துப் புதைத்துவிடச் சொல்லுங்கள்.